கிட்னி நல்லா இருக்கு

முதல் ஊரடங்கு தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. எனக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்திய சென்னை மருத்துவர் போனில் வந்தார். திண்டிவனத்தில் ரத்தம் கொடுத்து, அதன் முடிவை அன்று காலையில்தான் அவருக்கு அனுப்பியிருந்தேன்.

"கிரியாட்டினின் ஒண்ணு புள்ளி ஒண்ணு. சூப்பர். கிட்னி நல்லா இருக்கு சார். மாத்திரையை விட்டுடாதீங்க, வெளியில போகாதீங்க. வேற ஒண்ணும் இல்லையே?"

வேறு நிறைய இருந்தது. பதினோரு நாளாக நான் சரியாகத் தூங்கவில்லை. சோப்பு போட்டுக் கழுவிக் கழுவி விரலிடுக்குகளில் தோல் வெடித்து, சாதம் பிசைந்தால் எரிந்தது. பால் பாக்கெட்டைக் கழுவி, அதை வைத்த இடத்தைக் கழுவி, கழுவிய கையை மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தேன். தெருவில் யாராவது இருமினால் ஜன்னலை அடைத்துவிட்டு, அது வறட்டு இருமலா சளி இருமலா என்று யோசித்துக்கொண்டே நிற்பேன். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் வாயைத் திறந்தபோது அவர் பக்கத்தில் இன்னொரு போன் அடித்தது.

"வேற ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றேன்.

அவரைக் குறை சொல்லக் கூடாது என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். என்னைப் போல அவருக்கு எத்தனையோ பேர். இப்போது அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. அறுவை நடந்து அதற்குள் மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்த மூன்று வருடத்தில் என் சிறுநீரில் புரதம் எவ்வளவு, ரத்தத்தில் மருந்து எவ்வளவு, ஒரு நாளைக்கு எத்தனை முறை சிறுநீர் கழிக்கிறேன் என்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்கள். எப்படி இருக்கிறாய் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டதாகத் தோன்றிய இடங்களிலும் அவர்கள் விசாரித்தது கிட்னியை.

நான் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். என் மனைவி விழுப்புரத்தில் அரசு மருத்துவமனைச் செவிலியர். தினமும் பஸ்ஸில் போய் வருவாள். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. என் இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போய், வாரம் மூன்று நாள் பாண்டிச்சேரிக்குப் போய் டயாலிசிஸ் மெஷினில் கிடந்த காலத்தில், "பொருந்துமான்னு என்னுதைப் பாக்கச் சொல்லுங்க" என்று அவளாகவே சொன்னாள். பொருந்தியது. வளவனூரில் விவசாயம் பார்க்கும் அவள் தம்பி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு அவனே வந்து, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் இரண்டு பேருக்கும் சேர்த்துக் காத்திருந்தான்.

அன்றிலிருந்து நான் நன்றிக்குக் கட்டுப்பட்டவன் ஆனேன். எனக்கு நன்றி இல்லாமல் இல்லை. ஆனால் ஊர் என்னிடம் எதிர்பார்த்தது வேறு. காய்ச்சல் வந்தாலும், மனசு சோர்ந்தாலும், ஒரு நாள் சும்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாலும், "பொண்டாட்டி உசுரையே அறுத்துக் குடுத்திருக்கா, உனக்கு இன்னா கொறை?" என்பார்கள். அதற்கு மேல் நான் என்ன பேச முடியும்? குறையே இல்லாதவனாக இருப்பது என் வேலையாகிவிட்டது. வாத்தியார் வேலையைவிட அது கஷ்டம்.

கொரோனா வார்டு திறந்தார்கள். அவள் பெயர் முதல் பட்டியலிலேயே வந்தது.

மாற்று உறுப்பை உடம்பு ஏற்றுக்கொள்வதற்காக என்னைப் போன்றவர்கள் விழுங்கும் மாத்திரைகள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைக்கும். அதை அடக்கினால்தான் கிட்னி நிற்கும். அப்படிப்பட்டவன் வீட்டில் ஒருத்தி தினமும் கொரோனா வார்டுக்குப் போய் வந்தால் என்ன ஆகும் என்பதை யோசிக்க டாக்டர் தேவையில்லை. அவளுக்கும் இருப்பது ஒரே சிறுநீரகம். நான் அவளிடம் சொல்லாமல் அவள் மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். மனைவி உறுப்பு தானம் செய்தவர், வேறு பிரிவில் போடுங்கள் என்று. பதிலே வரவில்லை. கடிதம் மட்டும் எப்படியோ அவள் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

சமையலறை மேடையில் அதை வைத்தாள்.

"யாரைக் கேட்டு எழுதினீங்க?"

"உன் நல்லதுக்குத்தானே."

"குடுத்ததும் என் கிட்னி, வச்சிருக்கறதும் என் கிட்னி. ரெண்டுக்கும் நான் பதில் சொல்லிக்கறேன். எல்லாரும் ஒரு காரணம் சொல்லி ஒதுங்கினா வார்டுல யாருங்க நிப்பாங்க?"

இரண்டு நாள் கழித்து ஒரு பையில் துணிகளை எடுத்துக்கொண்டு விழுப்புரத்துக்குப் போனாள். செவிலியர் குடியிருப்பில் இன்னும் மூன்று பேரோடு ஒரு அறையில் தங்கினாள். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு மணி நேரப் பயணம். அதைத் தாண்ட எங்களுக்கு ஐந்து மாதம் ஆனது.

அவள் தம்பி வாரத்துக்கு ஒரு தடவை வளவனூரிலிருந்து பைக்கில் வந்து அரிசி, காய்கறி, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையை வேகவைத்தது எல்லாம் கேட்டில் மாட்டிவிட்டுப் போவான். அவன் தெருமுனையில் நின்று கையாட்டுவான், நான் ஜன்னலுக்குள்ளிருந்து கையாட்டுவேன். அவன் போனபிறகு பையை எடுக்காமல் மதியம்வரை வெயிலில் விட்டுவைப்பேன். கீரை வாடிவிடும். வாடிய கீரையைச் சமைத்துத் தின்றவாறு, வாடாத கீரையைத் தின்றால் செத்துப்போவேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

காலையில் எழுந்ததும் காப்பித்தூள் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்ப்பேன், மூக்குக்கு வாசனை தெரிகிறதா என்று. அப்புறம் சோப்பு, ஊதுபத்தி, பெருங்காயம். நான்கும் தெரிந்தால் காய்ச்சல்மானியை வைப்பேன். மாத்திரையால் எனக்கு ஏற்கெனவே விரல் நடுக்கம் உண்டு. அப்போது பேனாவே பிடிக்க முடியாத அளவுக்குக் கூடியிருந்தது. செல்போனில் வகுப்பு எடுக்கும்போது முக்கோணம் வரைந்தால் கோடு பாம்பாக நெளியும். "சார், நெட்டு சரியில்லையா?" என்று ஒரு பெண் கேட்டாள். ஆமாம் என்றேன்.

மனநலத்துக்கென்று ஒரு உதவி எண்ணைப் பேப்பரில் பார்த்தேன். இரண்டு நாள் யோசித்துக் கூப்பிட்டேன். எடுத்தவர் சின்ன வயதுக்காரர். எதையோ பார்த்துப் படித்தார்.

"பயப்படாதீங்க சார். யோகா பண்ணுங்க. டிவியில நியூஸ் பாக்காதீங்க. நல்ல பாட்டு கேளுங்க. குடும்பத்தோட நேரம் செலவழிங்க."

"என் குடும்பம் கொரோனா வார்டுல டியூட்டியில இருக்குங்க."

காகிதத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"அப்போ... பாட்டு கேளுங்க சார்."

போனை வைத்துவிட்டு முதலில் சிரித்தேன். பிறகு சுவரை ஓங்கிக் குத்தினேன். அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கையில் அந்தக் காகிதத்தைக் கொடுத்து, இதைப் படி, போதும் என்று நினைத்தவர்கள் மேல்தான் கோபம்.

மருத்துவப் பணியாளர்களுக்கு மரியாதை செய்வதாகச் சொல்லி ஒரு நாள் தெருவே கைதட்டியது. எங்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்கார அம்மா மாடியில் நின்று எவர்சில்வர் தட்டை உண்டு இல்லை என்று தட்டினார். என் ஜன்னலைப் பார்த்து, "உங்க வீட்டம்மாவுக்காகத்தான் சார்" என்றும் சொன்னார். நான் கும்பிட்டேன்.

அதே அம்மா, இரண்டு மாதம் கழித்து, என் மனைவி முதல் தடவையாக லீவில் வந்தபோது கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டு திறக்காமல் பேசினார். பதினான்கு நாள் தனியாக இருந்து, சோதனையில் தொற்று இல்லை என்று எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் இவள் வந்திருந்தாள்.

"தப்பா எடுத்துக்காதம்மா. எங்களுக்கு ஒண்ணும் இல்ல. சாருக்குத்தான் ஆவாது. அவரு ஒடம்பு எப்படிப்பட்டதுன்னு உனக்குத் தெரியாததா? நீயே குடுத்த கிட்னியை நீயே கெடுத்துக்கினா எப்படி?"

நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. என் மனைவி என் பக்கம் பார்த்தாள். கதவைத் திறந்துகொண்டு போய், இது எங்கள் வீடு, நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீடு, வழி விடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவள் இரண்டு நிமிடம் நின்றாள். பிறகு பையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தாள்.

அவள் தெருமுனை திரும்பியதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் அதுதான் உண்மை. என் உடம்புக்குள் தன் உறுப்பை வைத்தவள் வீட்டுக்குள் வராமல் போனதில் எனக்கு மூச்சு சீராக வந்தது. ஒரு மணி நேரம் கழித்து அந்த நிம்மதியை நினைத்து வாந்தி எடுத்தேன். வீட்டுக்கார அம்மாவைத் திட்டுவது சுலபம். பயம் என்னை என்னவாக ஆக்கியிருந்தது என்று பார்த்தால், கேட்டுக்கு உள்ளே நின்றவர்கள் நாங்கள் இரண்டு பேர்.

அதற்குப் பிறகும் தினமும் சாயங்காலம் அவள் போன் வரும். வழக்கமாகப் பேசினாள், எதையும் காட்டிக்கொள்ளவில்லை. ஒரு வாரம் மட்டும் போன் வரவில்லை. 'டியூட்டி அதிகம். மாத்திரை போட்டாச்சா?' என்று எழுத்தில்தான் செய்தி வந்தது. 'போட்டாச்சு' என்று பதில் போட்டேன். மறுநாளும் அதே கேள்வி, அதே பதில்.

அந்த வார முடிவில் அவள் தம்பி காய்கறியோடு வந்தான். வழக்கம்போல் தெருமுனைக்குப் போகாமல் கேட்டிலேயே நின்றான். முகத்தில் ஒரு தெளிவு.

"இன்னிக்குக் காலையில ஆக்சிஜனை எடுத்துட்டாங்க மாமா. இனிமே பயம் இல்லன்னு சொன்னாங்க."

"யாருக்கு?"

அவன் கை பையிலேயே நின்றுவிட்டது. எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று எப்படியோ நினைத்துவிட்டான்.

"மாமா... அக்கா போன் பண்ணிச் சொல்லிட்டாங்கன்னு இல்ல நெனைச்சேன்."

"எத்தினி நாளா?"

"ஒம்போது நாளு. நாலு நாளு ஆக்சிஜன்ல வச்சிருந்தாங்க. அக்காதான் சொல்லாதன்னாங்க. உங்க சென்னை டாக்டருகிட்டயும் போன்ல கேட்டோம். சொல்லாதீங்க, பீபி ஏறிச்சின்னா கிட்னிக்கு ஆவாதுன்னாரு. நான் இன்னா மாமா பண்றது?"

அன்று வந்த கோபம் இன்றைக்கும் எனக்கு முழுதாக ஆறவில்லை. ஒருத்தி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறாள். அவள் கொடுத்த உறுப்பு அலுங்காமல் இருக்கவேண்டுமாம், அதனால் அவள் புருஷனுக்குச் சொல்லக் கூடாதாம். எல்லாரும் சேர்ந்து, என்னைக் கேட்காமல், முடிவெடுத்திருக்கிறார்கள். ஒருவேளை அவள் இறந்திருந்தால்? அதையும் என் ரத்த அழுத்தம் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்களா? நான் மனிதன் இல்லை. கண்ணாடிச் சாமானை வைத்து அனுப்பும் அட்டைப்பெட்டி. உள்ளே இருப்பது உடையாமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு முகக்கவசத்தை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். ஐந்து மாதத்தில் நான் வீட்டைவிட்டு இறங்கியது ரத்தம் கொடுக்க மட்டும்தான். மச்சான் பின்னாலேயே பைக்கில், "மாமா, நில்லுங்க மாமா, சொன்னா கேளுங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தான். நெடுஞ்சாலையில் வண்டிகளே இல்லை. பாதி வழியில் தடுப்புப் போட்டு போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தினார்.

"பாஸ் இருக்குங்களா?"

"இல்ல. என் சம்சாரம் விழுப்புரத்துல கொரோனாவுல இருக்காங்க."

"பேஷண்டைப் பாக்கவே விட மாட்டாங்க சார். போய் இன்னா பண்ணுவீங்க?"

அவர் சொன்னது நியாயம்தான். போய் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. மச்சான் அவரிடம் என் உடம்பைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். அவர் இரண்டடி பின்னால் நகர்ந்து, "நீங்க மொதல்ல வீட்டுக்குப் போங்க சார்" என்றார், மெதுவாக.

வண்டியைத் திருப்பப் போனபோது நெஞ்சு அடைத்தது. மூச்சு உள்ளே போகிறது, வெளியே வர மாட்டேன் என்கிறது. கை இரண்டும் மரத்து, கண் இருட்டியது. வந்துவிட்டது என்று நினைத்தேன். சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். போலீஸ்காரர் ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினார். தொண்டை காய்ந்து கிடந்தது. அந்த பாட்டிலை யார் யார் தொட்டிருப்பார்கள் என்று யோசித்து வாங்காமல் உட்கார்ந்திருந்தேன். அவர் அதைப் புரிந்துகொண்டாரோ என்னவோ, என் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டு, "மெதுவா மூச்சு விடுங்க. ஒண்ணும் அவசரம் இல்ல" என்றார். எனக்கு வந்தது நோய் இல்லை, பயத்தால் வரும் படபடப்பு என்று மாதங்கள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அன்று அதை வெல்ல, என் தொழிலுக்கு ஏற்றபடி, பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கொஞ்சம் தெளிந்ததும் மனைவிக்குப் போன் செய்தேன். எடுத்தாள். அவள் குரலே இல்லை, ஏதோ காய்ந்த சருகு மாதிரி ஒரு சத்தம்.

"எங்க இருக்கீங்க? காத்து சத்தம் கேக்குது."

"ரோட்டுல."

"மாஸ்க் போட்டிருக்கீங்களா?"

கத்தினேன். கல்யாணம் ஆகிப் பதினாறு வருடத்தில் அவளிடம் அப்படிக் கத்தியதில்லை. என்னை என்னவென்று நினைத்தாய், நான் உனக்குப் புருஷனா இல்லை பேஷண்டா, செத்திருந்தால் எழுதிப் போட்டிருப்பாயா என்று என்னென்னவோ. போலீஸ்காரரும் மச்சானும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் ஓய்ந்த பிறகு அவள் இருமி முடித்துவிட்டுப் பேசினாள்.

"நானும் பயந்துதாங்க கெடந்தேன். பக்கத்து பெட்டு அம்மா போய்ட்டாங்க. அடுத்தது நான்தான்னு நெனைச்சேன். உங்ககிட்ட சொன்னா உங்க பயத்தையும் நான்தான் தாங்கணும். அதுக்கு எனக்குத் தெம்பு இல்ல. அதான் சொல்லல. கிட்னிக்காக இல்ல."

சரியாகப் படுத்துக்கொள் என்று மட்டும் சொல்லிவிட்டு வீடு திரும்பினேன்.

மூன்று வாரம் கழித்து அவள் வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டதும் நான் வாசலுக்கு இறங்கிப் போனேன். வீட்டுக்கார அம்மா மாடிப்படியில் வந்து நின்றார். அவர் பேசுவதற்கு முன்னால் நான் பேசினேன்.

"இவங்க இனிமே இங்கதான் இருப்பாங்க. வேணாம்னா எழுதிக் குடுங்க, காலி பண்ணிக்கறோம். என் ஒடம்பைக் காரணம் காட்டாதீங்க."

அவர் ஒன்றும் எழுதித் தரவில்லை.

அவள் வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. அவள் குடித்த டம்ளரைத் தனியாக வைத்தேன். அவள் பார்க்காதபோது அவள் உட்கார்ந்த நாற்காலியைத் துடைத்தேன். பார்த்துவிட்டும் பார்க்காததுபோல் இருந்தாள். இரண்டாவது அலை வந்தபோது, எங்களோடு அதே வருடம் கிட்னி மாற்றிக்கொண்டவர்கள் சேர்ந்து போனில் வைத்திருந்த குழுவில் ஒவ்வொருவராக அமைதியானார்கள். காலை வணக்கம் போட்டுக்கொண்டிருந்தவரின் எண்ணிலிருந்து ஒரு நாள் அவர் மகள் செய்தி போட்டாள். அதற்குக் கீழே பத்துப் பேர் கைகூப்பும் பொம்மை போட்டார்கள். நானும் போட்டேன்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு காலை, எட்டு மணி மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போடவில்லை. சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. காலை எட்டுக்கும் ராத்திரி எட்டுக்கும் நடுவில் பயந்துகொண்டே வாழ்வதை ஒரு நாளாவது நிறுத்த வேண்டும் என்று தோன்றியது. மறுநாளும் போடவில்லை. அன்று சாயங்காலம் என் மனைவி மாத்திரை அட்டையைப் பார்த்தாள். நர்ஸ் கண்ணுக்கு அது தப்பாது.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தண்ணீரையும் மாத்திரையையும் கொடுத்தாள். நான் விழுங்கியதைப் பார்த்த பிறகு சொன்னாள்:

"நாளைக்கு என்கூட விழுப்புரம் வர்றீங்க. மனநல டாக்டரைப் பாக்கறோம்."

மச்சானுக்கு விஷயம் தெரிந்து போன் செய்தான். "மாமா, நீங்க வாத்தியாரு. அங்கெல்லாம் போனீங்கன்னு தெரிஞ்சா ஊருல ஒரு மாதிரி பேசுவாங்க. கோயிலுக்கு வேணா போய்க்கினு வருவோம், வாங்க." அவன் நல்லவன். எனக்காக ஊரடங்கில் மழை வெயில் பாராமல் வண்டி ஓட்டியவன். கிட்னி கெட்டபோது ஊரெல்லாம் சொல்லி உதவி கேட்டவனும் அவன்தான். அதே உடம்பில் மனசு கெட்டால் மட்டும் மறைக்க வேண்டியதாகிவிடுகிறது. "ஊர் பேசட்டும். நான் செத்தாலும் பேசத்தான் போறாங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்த மருத்துவர் என் மனைவியைவிட வயதில் சின்னவர். முகக்கவசத்துக்கு மேல் கண்கள் மட்டும் தெரிந்தன. என் தடித்த ஃபைலை நீட்டினேன். அவர் அதைத் திறக்காமல் மேஜை ஓரத்தில் வைத்தார்.

"தூக்கம் எப்படி இருக்கு சார்?"

இவ்வளவுதான் கேட்டார். நாற்பத்தாறு வயது ஆம்பளை, வகுப்பில் நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவன், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் அழுதேன். அவர் அவசரப்படுத்தவில்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். காப்பித்தூள் டப்பாவையும் சொன்னேன்.

"நீங்க சாப்பிடற ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கும், மனசையும் அலைக்கழிக்கும். இன்னொரு மாத்திரையால விரல் நடுங்கும். இதை யாரும் சொல்லலையா?"

"இல்லீங்க."

"ஆபரேஷனுக்கு முன்னாடி கவுன்சலிங் இருந்திருக்குமே?"

"இருந்துச்சு. கட்டாயப்படுத்தித் தானம் வாங்கறேனான்னு கேட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் உப்பைக் கம்மி பண்ணச் சொன்னாங்க."

அவர் சிரிக்கவில்லை. நான்கு வருடமாக, என் கோழைத்தனம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் ஒரு பகுதி, நான் தினமும் விழுங்கிய மாத்திரையின் வேலை. ஒரு வரி, ஒரே ஒரு வரி, யாராவது சொல்லியிருந்தால் போதும். அவர் என் மாத்திரைகளோடு ஒத்துப்போகுமா என்று பார்த்துவிட்டு, கிட்னிக்குக் கெடுதல் செய்யாத மருந்து ஒன்றை எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வந்து பேசச் சொன்னார். போனேன். நான்கு மாதத்தில் ஓரளவுக்குத் தூக்கம் வந்தது. நாற்காலியைத் துடைப்பது நின்றது. பால் பாக்கெட்டை ஒரு தடவை கழுவினால் போதும் என்ற அளவுக்கு வந்து சேர்ந்தேன்.

அதற்குள் ஊருக்குக் கொரோனா முடிந்துவிட்டது. பள்ளிக்கூடம் திறந்தார்கள். "இன்னும் எதுக்கு சார் மாஸ்க்கு? பசங்க சிரிக்கறாங்க" என்றார் தலைமையாசிரியர். எல்லாருக்கும் வேலை செய்யும் தடுப்பூசி எங்களைப் போன்றவர்களுக்கு அதே அளவுக்கு வேலை செய்யாது என்று விளக்கினேன். "எல்லாம் மனசுதான் சார் காரணம்" என்றார். மனசு என்று ஒன்று இருப்பது நான் ஆசுபத்திரி ஆசுபத்திரியாக அலைந்த காலத்தில் யாருக்கும் தெரியவில்லை. என் வாயை அடைக்க வேண்டியிருந்தபோது எல்லாருக்கும் உடனே ஞாபகம் வந்துவிட்டது.

ரொம்ப நாள் கழித்துச் சென்னையில் நேரில் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். மனைவியும் வந்தாள். மருத்துவர் கணினியில் என் ரிப்போர்ட்டைப் பார்த்தார். மனநல மருந்து எழுதியிருந்த இடத்தில் அவர் விரல் நின்றது.

"இவ்வளவு கஷ்டப்பட்டிருக்கீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்."

"நீங்க கேட்டிருக்கலாமே டாக்டர்."

என் குரல் உயரவில்லை. ஆனால் நடுக்கம் இருந்தது, அது மாத்திரையால் வந்ததில்லை. ஒவ்வொரு மாதமும் நீங்கள் கேட்ட பட்டியலை எனக்கு மனப்பாடமாகத் தெரியும், அதில் இரண்டே கேள்வி சேர்த்தால் போதும், தூங்குகிறாயா, பயமாக இருக்கிறதா என்று. இதற்கு மெஷின் வேண்டாம், ரத்தம் எடுக்க வேண்டாம் என்றேன். என் மனைவி ஆக்சிஜனில் கிடந்ததை எனக்குச் சொல்ல வேண்டாம் என்று நீங்கள் சொன்னதும் எனக்குத் தெரியும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். சங்கடத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் என் மனைவி பக்கம் திரும்பி, எப்போதும் கேட்பதுபோல் கேட்டார்.

"நீங்க நல்லா இருக்கீங்கல்ல சிஸ்டர்?"

இத்தனை வருடமாக அந்தக் கேள்விக்கு அவள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். நான் எழுந்து ஃபைலை எடுக்கப் போனேன்.

"நல்லா இல்ல டாக்டர்" என்றாள் அவள். "உக்காந்து சொல்லட்டுங்களா?"

வெளியில் முப்பது பேராவது காத்திருந்தார்கள். டோக்கன் கூப்பிடுகிறவர் இரண்டு தடவை கதவைத் திறந்து பார்த்தார். மருத்துவர் இரண்டு தடவையும் அவரைக் கையமர்த்தி அனுப்பினார். வார்டில் தன் கையிலேயே உயிர் போனவர்களைப் பற்றி, தனக்கு இருக்கும் ஒரே கிட்னியை ஒவ்வொரு காய்ச்சலிலும் தொட்டுப் பார்த்துக்கொண்டதைப் பற்றி, அந்தக் கேட்டிலிருந்து தெருமுனைவரை நடந்ததைப் பற்றி அவள் பேசினாள். அதில் பாதியை நானே அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன்.